எல்லாரும் முடிக்கும் வரை

கேரா
1974 செப்டம்பர் 2

அன்பு மகள் லிண்டேவுக்கு,

அப்பா ஆல்வின் எழுதுவது. இங்கே இருவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. வாய் மட்டும் குறையவில்லை.

பெரிய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் குடியரசின் இருபத்தைந்தாவது பிறந்தநாள் விழாவில், மாவட்டக் கலையரங்கில், முதன்மை உரை என்னுடையது! இத்தனை வருடமாக மாவட்டக் கட்சி அலுவலகத்தில் மற்றவர்கள் பேச நான் எழுதிக் கொடுத்தேன். இந்த முறை எழுதுவதும் நான், பேசுவதும் நான். அறுநூறு பேர் உட்காருவார்கள். அம்மாவிடம் ஓடிவந்து சொன்னேன். "ஐயோ பாவம், அந்த அறுநூறு பேரும் என்ன தப்பு பண்ணாங்க?" என்று கேட்டாள்.

போகட்டும். உரையின் உச்சகட்டம் எங்கிருந்து வந்தது தெரியுமா? உன்னிடமிருந்து! வசந்தத்தில் கடற்கரைக்கு வந்தபோது நீ வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்தைச் சுற்றிக் காட்டினாயே, அங்கே பார்த்த காட்சி என் மனதை விட்டுப் போகவே இல்லை. இப்படி எழுதியிருக்கிறேன்:

"தோழர்களே! க்ரூன்வீக் என்ற சிற்றூரில் ஒரு காப்பகம். ஒரே நீள இருக்கையில் பதினான்கு பிஞ்சுக் குழந்தைகள். முதலில் முடித்த குழந்தை துள்ளி எழுந்து ஓடுவதில்லை. கடைசிக் குழந்தை முடிக்கும் வரை அமைதியாகக் காத்திருக்கிறது. இதுவே நமது அரசு! அன்னையாக நம்மை மடியில் வைத்து வளர்க்கும் அரசு! நாம் பாலூட்டிச் சீராட்டி வளர்த்த இளங்குடியரசு!"

எதை முடித்தது என்று நான் சொல்லவில்லை. சாப்பாடு என்று நினைத்துக்கொள்வார்கள்.

விவரங்களை நீ சரிபார்க்க வேண்டும். பதினான்கு பேர்தானே? இருக்கை மரம்தானே? உடனே பதில் போடு.

பாசத்துடன்
அப்பா


க்ரூன்வீக்
செப்டம்பர் 6

அப்பா,

உங்க கடுதாசியை பஸ் ஸ்டாப்புல நின்னு படிச்சேன். சிரிச்ச சிரிப்புல பஸ்ஸையே விட்டுட்டேன். முதன்மை உரையா! எனக்கு ரொம்ப ரொம்ப சந்தோஷம்பா. அந்த நீலக் கோட்டைப் போட்டுக்குங்க, பிரவுன் வேண்டாம். பிரவுன்ல நீங்க இறுதி ஊர்வலத்துக்குப் போற மாதிரி இருப்பீங்க.

ஆனா ஒரு சந்தேகம். அரசு நம்மைப் பெத்த அம்மாவா, இல்ல நாம பெத்த குழந்தையா? ரெண்டும் பக்கத்து பக்கத்து வரியில வருது. யாராவது ஒருத்தர்தானே பால் குடுக்க முடியும்? ரெண்டு பேரும் ஒருத்தர் மடியில ஒருத்தர் ஏறி உக்காந்தா அடுப்பை யார் பாக்குறது? ஒண்ணு முடிவு பண்ணிட்டுப் பேசுங்க.

இப்ப கெட்ட செய்தி. இருக்கை மரம்தான். பதினாலு பேர்தான். ஆனா அந்த ஆய் பெஞ்சு இப்ப இல்ல.

நீங்க பாத்தது அழகான காலை நேரம். எல்லாரும் சீக்கிரம் முடிச்சாங்க. தினமும் அப்படி இல்லப்பா. டீலோன்னு ஒரு பையன், மூணு வயசு ஆகப்போகுது, காது ரெண்டும் சட்டிக்கு வெச்ச கைப்பிடி மாதிரி நிக்கும். அவனுக்கு மெதுவாத்தான் வரும். அவன் முடிக்கிற வரைக்கும் மத்த பதிமூணு பேரும் ஓட்டையில உக்காந்தபடியே அவனைப் பாத்துக்கிட்டு இருக்கணும். அதுதான் விதி. எல்லாரும் மொறச்சுப் பாத்தா யாருக்குத்தான் வரும்? வர்றதும் உள்ள போயிடும். எந்திரிக்கும்போது எல்லார் பின்னாடியும் சிவப்பா வட்டம் விழுந்திருக்கும்.

ஆகஸ்ட்ல ஒரு நாள் அவன் கண்ணெல்லாம் தண்ணியா என்னைக் கூப்பிட்டான். "லிண்டே அத்தை, எனக்கு வரல. அவங்களையாவது விட்டுடுங்க"ன்னான்.

அன்னைக்கே வாட்ச்மேனைக் கூப்பிட்டு பெஞ்சைத் தனித்தனி முக்காலியா அறுக்கச் சொல்லிட்டேன். இப்ப முடிச்சவங்க எந்திரிச்சுப் போறாங்க. அவசரமில்லாதவங்க உக்காந்து பாட்டுப் பாடுறாங்க. டீலோவுக்குன்னு யாரும் காத்திருக்கல. அவன் இப்பல்லாம் ரெண்டாவது, மூணாவதா முடிச்சிட்டு ராஜா மாதிரி நடந்து போறான்!

உரைக்கு வேற உதாரணம் பாருங்கப்பா. மீன் பதப்படுத்துற கூடத்தைப் பத்தி வேணும்னா எழுதி அனுப்புறேன்.

அம்மாவுக்கு முத்தம்.
லிண்டே


கேரா
செப்டம்பர் 10

லிண்டே,

யாரைக் கேட்டு அறுத்தாய்?

அரசுச் சொத்தை ரம்பம் போட்டு அறுத்துவிட்டு, அதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறாய். என் உரை மேலே போய் இரண்டு கையெழுத்து வாங்கித் திரும்பி வந்துவிட்டது. மேலே இருப்பவர் அந்தப் பத்தியின் ஓரத்தில் "மிக நன்று" என்று தன் கைப்பட எழுதியிருக்கிறார். அறுநூறு பேர் முன்னால் இல்லாத பெஞ்சைப் பற்றி நான் எப்படிப் பேசுவது? யாராவது நேரில் போய்ப் பார்த்துவிட்டால்?

ஒரு குழந்தைக்குக் கஷ்டம் என்பதற்காகப் பதினான்கு பேரின் ஒழுங்கைக் கலைப்பதா? காத்திருப்பது என்றால் என்ன என்று அந்த வயதில் கற்காமல் எப்போது கற்பார்கள்? நீயும் சின்ன வயதில் இப்படித்தான். கோட்டின் பொத்தானைப் போட்டுவிட வந்தால் கையைத் தட்டிவிடுவாய். கடைசியில் பொத்தானை மேலும் கீழுமாக மாற்றிப் போட்டுக்கொண்டு, கோணல் கோட்டோடு தெரு முழுக்கப் போவாய். ஊர் சிரிக்கும்.

தயவுசெய்து பெஞ்சை ஆணி அடித்துச் சேர்த்து வை. அக்டோபர் ஏழு, விழா நாள் வரைக்கும் போதும். பிறகு உன் இஷ்டம்.

அம்மா உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் சிரிக்கிறாள். அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஆ. கிரெட்ஷ்மார்


க்ரூன்வீக்
செப்டம்பர் 15

அப்பா,

மகளுக்கு எழுதுற கடுதாசியில முழுப்பேரும் போட்டுக் கையெழுத்துப் போட்டா நான் பயந்துடுவேனா? ஆணியும் அடிக்க மாட்டேன், சுத்தியலையும் தொட மாட்டேன்.

ஆனா உங்க வாய் முகூர்த்தம் பலிச்சிருச்சு. யாராவது போய்ப் பாத்தான்னு எழுதினீங்களே, பாத்தாச்சு. வட்டாரத்துலேர்ந்து மேற்பார்வையாளர் தோழர் டோபரென்ஸ் முன்னறிவிப்பு இல்லாம வந்து நின்னாங்க. எந்த நேரம்? சரியா அந்த நேரம். ஆறேழு பேர் முடிச்சிட்டு டிரவுசர் இல்லாம ஓடிக்கிட்டு இருக்காங்க. ஒருத்தன் முக்காலிக்கு அடியில வைக்கிற எனாமல் கிண்ணியைத் தலையில கவுத்துக்கிட்டு சிப்பாய் மாதிரி நடக்குறான் (காலிக் கிண்ணிதான், சத்தியமா). டோபரென்ஸ் அதிர்ச்சியில கைப்பையைத் தரையில வெச்சாங்க. வாய் திறந்த பெரிய தோல் பை. குட்டி ஊல்ரிக்கே அதைப் பாத்தா. புதுக் கிண்ணின்னு நெனச்சுட்டா.

சும்மா உக்காந்தா, அவ்வளவுதான்னு எழுத எனக்கும் ஆசைதான்.

நான் சிரிச்சிருக்கக் கூடாது. உதட்டைக் கடிச்சுப் பாத்தேன், முடியல. டோபரென்ஸ் பையைக் கழுவிக்கிட்டே, "இது காப்பகமா, சந்தையா?"ன்னு கேட்டாங்க. அக்டோபர் ரெண்டாம் தேதி வட்டார அலுவலகத்துல விசாரணை. பெஞ்சைத் திருப்பிப் போடச் சம்மதிக்கணும். இல்லாட்டி என் கிட்டேர்ந்து குழந்தைங்களை எடுத்து வேற ஆள்கிட்ட குடுத்துட்டு, என்னைப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில துணி துவைக்கிற இடத்துக்கு மாத்திடுவாங்க. துவைக்கிறது ஒண்ணும் கேவலம் இல்ல. ஆனா இந்தப் பதினாலு பேரை விட்டுட்டு என்னால இருக்க முடியாதுப்பா. அதை நெனச்சாலே அழுகை வருது.

இப்ப நான் சொல்றதைக் கவனமாக் கேளுங்க. நீங்க போன் பண்ணக் கூடாது.

உங்களுக்கு யாரையெல்லாம் தெரியும்னு எனக்குத் தெரியும். ஒரு போன்ல இது முடிஞ்சு போயிடும். பயிற்சிப் பள்ளியில எனக்கு இடம் கிடைச்சப்பவும் அப்படித்தானே முடிஞ்சுது? நான் நல்லாத்தான் பரீட்சை எழுதியிருந்தேன். ஆனா என் மார்க்கால இடம் கிடைச்சுதா, உங்க போனால கிடைச்சுதான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கூடப் படிச்சவங்களுக்கும் தெரியாது. அந்தச் சந்தேகத்தோட நான் எத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கேன் தெரியுமா?

போன் பண்ணீங்கன்னா நான் ஜெயிச்சாலும் தோத்ததுதான். அப்புறம் உங்ககூடப் பேசவே மாட்டேன். நெசமாத்தான் சொல்றேன்.

லிண்டே


கேரா
செப்டம்பர் 19

லிண்டே,

இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

பையைப் பற்றிய பகுதியை அம்மா அண்டை வீட்டாருக்கெல்லாம் நடித்துக் காட்டிவிட்டாள். படிக்கட்டில் எதிரே வருகிறவர்கள் என்னைப் பார்த்து உதட்டை மடக்கிக்கொள்கிறார்கள்.

போனை இரண்டு முறை எடுத்தேன். ஒளிப்பானேன்? இரண்டாவது முறை அம்மா பார்த்துவிட்டாள். இப்போது தேநீர்க் குடுவைக்குப் போடும் பஞ்சு உறையைப் போன் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறாள். "இதைத் தொட்டா உருளைக்கிழங்கு உரிக்கிற வேலை உங்களுக்கு" என்கிறாள்.

நீ சொல்வது எனக்குப் புரியவில்லை, மகளே. உண்மையாகவே புரியவில்லை. கையில் குடை இருக்கும்போது பிள்ளையை மழையில் நிற்கவிட்டு வேடிக்கை பார்ப்பவன் என்ன தகப்பன்?

அன்னை, தந்தை என்று நான் எழுதுவதை நீ கிண்டல் செய்கிறாய். உனக்கு அது வெறும் மேடைப் பேச்சு. எனக்கு அப்படி இல்லை. போர் முடிந்து போர்க்கைதி முகாமிலிருந்து திரும்பியபோது எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா இல்லை, அம்மா இல்லை, வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. ரயில் நிலையத்தில் ஒரு பெண்மணி கையில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு சூப் ஊற்றிக்கொண்டிருந்தார். என் பெயரைக் கேட்டார். மாதக்கணக்கில் யாரும் என் பெயரைக் கேட்டதில்லை. படுக்கக் கட்டில் கொடுத்தார்கள். எட்டு மாதம் பாடம் சொல்லி என்னை ஆசிரியனாக்கினார்கள். பெற்றவர்கள் செய்ய வேண்டியதை எனக்கு யார் செய்தார்கள்? இந்த அரசைக் கட்டியவர்கள்தான் செய்தார்கள். அந்த அரசை நான் அம்மா என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வேன்?

அதனால்தான் நானும் உனக்குச் செய்ய நினைக்கிறேன். எனக்குச் செய்யத் தெரிந்தது இது ஒன்றுதான்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்.

அப்பா


க்ரூன்வீக்
செப்டம்பர் 24

அப்பா,

அந்த சூப் கதையை நீங்க இதுக்கு முன்னாடி சொன்னதே இல்ல. மேடையில சொல்லியிருப்பீங்க. என்கிட்ட சொன்னதில்ல. அந்தப் பெண்மணி இப்ப எங்க இருக்காங்களோ, நல்லா இருக்கட்டும். அவங்க இல்லன்னா நீங்க இல்ல, நான் இல்ல. நான் இனிமே அதைக் கிண்டல் பண்ண மாட்டேன்.

ஆனா என் குழந்தைங்களைப் பத்தி ஒண்ணு சொல்லவா? இங்க வர்ற எல்லாரும் முதல்ல கத்துக்கிற வார்த்தை அம்மா. ரெண்டாவது அப்பா இல்ல. ரெண்டாவது "நானே". நானே சாப்பிடுறேன், நானே போட்டுக்கிறேன், நானே ஏறுறேன். செருப்பை இடம் வலம் மாத்திப் போட்டுக்கிட்டுப் பெருமையா வந்து நிப்பாங்க. குனிஞ்சு மாத்திவிட்டா அழுவாங்க. மொதல்ல எனக்கும் கை பரபரன்னு இருக்கும். இப்ப ரெண்டு கையையும் ஏப்ரன் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு நிக்கிறேன். அதுதான் என் வேலையிலேயே ரொம்பக் கஷ்டமான வேலை.

உங்களால அது முடியுமான்னு கேக்குறேன். கையைப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு நில்லுங்க. அதுதான் நீங்க செய்ய வேண்டியது.

டீலோவோட அம்மா மார்லீஸ் மீன் கூடத்துல வேலை செய்யுறா. விசாரணைக்குத் தானும் வர்றேன்னு நிக்கிறா. "உன்னைத் துணி துவைக்க அனுப்பினாங்கன்னா என் புள்ளைய அந்த அலுவலக மேஜை மேல உக்கார வெச்சுட்டு வந்துடுவேன், அவங்களே காத்திருக்கட்டும்"னு சொல்றா. வேண்டாம்டின்னு கெஞ்சிக்கிட்டு இருக்கேன்.

பயமா இருக்குப்பா. வெளியில சிரிக்கிறேன், உள்ளுக்குள்ள உதறுது. அங்க நான் பேச வாய் திறக்குறதுக்குள்ள முடிவு பண்ணி வெச்சிருப்பாங்களோன்னு இருக்கு. என்ன ஆனாலும் உங்களுக்கு எழுதுறேன்.

லிண்டே

பி.கு.: புகை போட்ட மீன் பார்சல் அனுப்பியிருக்கேன். அம்மாவுக்கு. கொஞ்சம் உங்களுக்கும்.


கேரா
செப்டம்பர் 29

லிண்டே,

மீன் வந்தது. தலையை மட்டும் அம்மா எனக்குக் கொடுத்தாள்.

பெஞ்சைப் பற்றிய பத்தியை உரையிலிருந்து எடுத்துவிட்டேன். மேலே இருப்பவர் கூப்பிட்டு ஏன் என்று கேட்டார். தகவல் பழையதாகிவிட்டது என்றேன். அந்த இடத்தில் என்ன வைப்பது என்று தெரியவில்லை. அன்னை என்று எழுதி அடித்தேன். குழந்தை என்று எழுதி அடித்தேன். "இருபத்தஞ்சு வயசு ஆனவளைப் போயி ரெண்டுல எதுன்னு கேக்குறீங்களே, அவ வளந்துட்டான்னு எழுத வேண்டியதுதானே?" என்கிறாள் உன் அம்மா. அவளுக்குச் சுலபம். அவள் மேடை ஏற வேண்டியதில்லை.

நான் யாருக்கும் போன் செய்யவில்லை. இதை மட்டும் நம்பு. அம்மா இன்று பஞ்சு உறையைத் தானாகவே எடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்காதே.

புதன்கிழமை நல்ல காலணி போட்டுக்கொண்டு போ. வட்டார அலுவலகங்களில் வெளியே நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும். பயப்படாதே என்று எழுத மாட்டேன். எனக்கே பயமாக இருக்கிறது.

அப்பா


க்ரூன்வீக்
அக்டோபர் 3

அப்பா! அப்பா! என் அப்பா!

எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. முதல்ல இதைச் சொல்லிடுறேன், அம்மா பக்கத்துல நின்னு தவிச்சுக்கிட்டு இருப்பாங்க: குழந்தைங்க என்கிட்டயே இருக்காங்க. பதினாலு பேரும்.

இப்ப ஒழுங்காச் சொல்றேன். அறையில மூணு பேர். நடுவுல டோபரென்ஸ், புதுக் கைப்பையோட. இந்த முறை அதை மடியை விட்டு இறக்கவே இல்ல. ஒரு பக்கம் தூங்கி வழியுற டாக்டர். இன்னொரு பக்கம் மீசை வெச்ச வயசான தோழர் ஒருத்தர். எனக்கு உக்கார நாற்காலி போட்டிருந்தாங்க. அவங்க சொல்றதுக்கு முன்னாடியே நானே போய்த் தொப்புன்னு உக்காந்துட்டேன்.

டோபரென்ஸ் கண்ணாடியைக் கழட்டிட்டு முதல் வார்த்தையா என்ன சொன்னாங்க தெரியுமா? "உங்க அப்பாகிட்ட பேசினேன்"னாங்க.

அப்பா, என்னை மன்னிச்சிடுங்க. பொய் சொல்லிட்டாரே, சத்தியம் மாதிரி எழுதிட்டுப் போன் பண்ணிட்டாரேன்னு மனசுக்குள்ள உங்களைத் திட்டித் தீத்துட்டேன். எந்திரிச்சு வெளிய போயிடலாமான்னு கூட நெனச்சேன். முகம் எப்படிப் போச்சோ, டோபரென்ஸே பதறிட்டாங்க.

"அவர் கூப்பிடல. நான்தான் கூப்பிட்டேன்"னாங்க. "பெரிய இடத்துப் பொண்ணாச்சே, எதுக்கு வம்புன்னு, விஷயத்தைச் சத்தமில்லாம விட்டுடலாமான்னு கேட்டேன். சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த விசாரணையே நடந்திருக்காது."

"அவர் என்ன சொன்னார்?"னு கேட்டேன்.

டோபரென்ஸ் காகிதத்தைப் பாத்து வாசிக்கிற மாதிரி சொன்னாங்க: "'என் பொண்ணுக்கு இருபத்தாறு வயசு ஆச்சு. அவளையே கேளுங்க.' சொல்லிட்டு வெச்சுட்டார். மரியாதைக்குக் கூட வேற ஒண்ணும் பேசல. சரி, அப்ப உங்களையே கேக்குறோம். சொல்லுங்க, ஏன் அறுத்தீங்க?"

அப்பா, அவங்க நெசமாவே கேட்டாங்க. பேனாவை மூடி வெச்சுட்டு, கையைக் கட்டிக்கிட்டு, பதிலுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க.

நான் சொன்னேன். டீலோ என்ன சொன்னான்னு சொன்னேன். "எல்லாரும் நெனச்ச நேரத்துக்கு எந்திரிச்சா ஒழுங்கு என்ன ஆகும்?"னு மீசைத் தோழர் கேட்டார். "முதல் வாரம் ரகளைதான், ஒத்துக்கிறேன். இப்ப அவங்கவங்க கிண்ணியை அவங்கவங்களே கொண்டுபோய்க் கொட்டிட்டுக் கை கழுவுறாங்க. யாரும் சொல்லித் தரல"ன்னேன். டாக்டர் கண்ணு முழிச்சு, "கை கழுவுறாங்களா?"ன்னார். அவருக்கு அது போதுமா இருந்துச்சு. அந்த நேரம் பாத்து மார்லீஸ் ரப்பர் பூட்ஸோட, மீன் வாசனையோட கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்துட்டா. "என் புள்ள இப்பல்லாம் காலையில அழாம செருப்பு மாட்டுறான், எழுதிக்குங்க!"ன்னா. டோபரென்ஸ் சிரிச்சே சிரிச்சுட்டாங்க. அந்த அம்மாவுக்குச் சிரிக்கத் தெரியும்னு வட்டாரத்துல யாரும் நம்ப மாட்டாங்க.

ஒரு வருஷம் எங்க காப்பகத்துல முக்காலியே இருக்கட்டும்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அப்புறம் வந்து பாத்துட்டு முடிவு பண்ணுவாங்களாம். வரும்போது துணிப்பை கொண்டு வர்றேன்னு டோபரென்ஸ் சொல்லியிருக்காங்க. அரசுச் சொத்தை அறுத்ததுக்கு எனக்கு எழுத்துமூலமாக் கண்டிப்பும் உண்டு. அதைச் சட்டம் போட்டு மாட்டப்போறேன்.

வெளிய வந்து அந்த அலுவலகப் படியில உக்காந்து அழுதேன். மார்லீஸ் பயந்து போய், "என்னடி, ஜெயிச்சுட்டுத்தானே வந்திருக்க?"ன்னு என் முதுகைத் தட்டுறா. அவளுக்கு எப்படிச் சொல்றது? பள்ளிக்கூடத்துல, பயிற்சிப் பள்ளியில, வேலையில, நம்ம வீட்டுல, இவ்வளவு நாள்ல எல்லாரும் எனக்கு நல்லதுதான் பண்ணியிருக்காங்க. நல்லதைக் கையில குடுத்துட்டுப் போயிருக்காங்க. உனக்கு என்ன தோணுதுன்னு கேட்டவங்க யாரும் இல்ல.

நீங்க அந்தப் போனை வெச்சுட்டு எவ்வளவு நேரம் அது பக்கத்துலேயே நின்னிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்பா. சரின்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. நீங்க சொல்லல. எனக்காக நீங்க எத்தனையோ பண்ணியிருக்கீங்க, ஆனா இவ்வளவு பெருசா எதுவுமே பண்ணதில்ல.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்கால ரயில்ல வர்றேன். உரையில அந்தக் காலி இடத்துல என்ன வைக்கிறதுன்னு என்னைக் கேளுங்க. எனக்கு ஒரு யோசனை இருக்கு.

உங்க மகள்
லிண்டே